மீனோடு போகிற தண்ணீர்

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகிற சாலையை ஒட்டியிருக்கிறது எங்கள் சேரி. தம்பி வீட்டுக்குப் பின்னால் பதினோரு சிமெண்ட் தொட்டிகள். மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற தொட்டிகள்தான். அதில் ரெட் டெயில் ஷார்க் வளர்க்கிறான். பேருதான் சுறா, கெண்டை சாதி. (மீனுக்கும் சாதி என்றுதான் நமக்குச் சொல்ல வருகிறது.) உடம்பெல்லாம் கறுப்பு. வால் மட்டும் ரத்தச் சிவப்பு.

இதன் பிறப்பிடம் தாய்லாந்தின் சாவோ பிராயா ஆறு. 1996இல் ஆற்றில் இது அற்றே போய்விட்டதென்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பட்டியல் போட்டது. பிறகு எங்கேயோ கொஞ்சம் தட்டுப்பட, 2011இல் அழிவின் விளிம்பில் இருப்பதாகத் திருத்தினார்கள். ஆனால் உலகம் பூராவும் கடைகளில் கிடைக்கிறது. இதைச் சொன்னபோது தம்பி கேட்டான்: "அப்ப இதுக்கும் ஊரு இல்லியாக்கா?"

தொட்டியில் தானாக முட்டை விடாது. ஊசி போட வேண்டும். 1957இல் ஒரிசாவில் ஹிராலால் சௌத்ரி, செத்த மீனின் தலையிலிருந்து பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து அரைத்து, கெண்டைக்கு ஊசி போட்டு முட்டை விட வைத்தார். அதே வழிதான், இப்போது மருந்து குப்பியில் வருகிறது. தம்பி கொளத்தூரில் கற்றுக்கொண்டு வந்தான். மூணு தடவை தாய்மீன் செத்துப்போச்சி. நாலாவது தடவை விடியக்காலம் கூப்பிட்டான். "யக்கா, டார்ச்ச எடுத்தா." முட்டைகள் எதிலும் ஒட்டாமல், ஊறிய ஜவ்வரிசி மாதிரி தண்ணீரில் உருண்டுகொண்டிருந்தன.

எங்க ஏரியில மீன் குத்தகை எப்பவும் ஊர்க்காரங்களுக்குத்தான். அவங்க வலை இழுத்து முடிச்சபிறகுதான் நாங்க இறங்கணும். எங்காயா சேத்தைத் தடவித் தடவி குறவை பிடிக்கும். ஊர்க் கிணத்துல எங்க குடம் இறங்கினதே இல்லை.

போன வருஷம் ஊர்த்தெருவிலிருந்து ஒருத்தர் பேரனோடு மீன் வாங்க வந்தார். அம்மா சொம்பில் தண்ணி கொண்டுவந்தாள். "இப்பத்தாம்மா குடிச்சேன்" என்றார். தம்பி பாலிதீன் பையில் தொட்டித் தண்ணியை மொண்டு, ஒரு குஞ்சை விட்டு, ஆக்சிஜன் அடைத்து, ரப்பர் போட்டுக் கொடுத்தான்.

"ஒண்ணுதாங்க விடணும், ரெண்டு விட்டா அடிச்சிக்கும். தொபுக்குனு புதுத் தண்ணியில விட்டுடாதீங்க. இந்தத் தண்ணியோட உங்க தண்ணிய கொஞ்சங் கொஞ்சமா கலந்து, அப்புறம் விடுங்க. இல்லன்னா செத்துடும்."

கவனமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அவர் வீட்டு நடுக்கூடத்தில்தான் தொட்டி இருக்கிறதாம். போன வாரம் மகள் வீட்டுக்கும் ஒன்று வேண்டுமென்று வந்தார். தம்பி பையை எடுத்தான். அம்மா சொம்பை எடுக்கவில்லை.