மலாயில் பாடிய ஆறுமுகம் சகோதரர்கள்

எண்பதுகளில் சிவகாசிப் பக்கம் ஊர்ப் பொங்கலுக்குக் குழாய் ரேடியோ கட்டினால் இளையராஜா பாட்டுதான். அதே காலத்தில் மலேசியாவைக் கலக்கிய 'ஆலிகேட்ஸ்' பாப் குழுவை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? முன்னணிப் பாடகர்கள் இருவருமே தமிழர்கள்! பினாங்குக்காரர்களான டேவிட் ஆறுமுகம், அவர் தம்பி லோகநாதன். தலையில் பந்து மாதிரி சுருட்டை முடி. ஆட வைக்கும் பாட்டும் உண்டு, உருக வைக்கும் பாட்டும் உண்டு. பாடிப் புகழ் பெற்றது மலாய் மொழியில். அதனாலோ என்னவோ, நாம் கண்டுகொள்ளவே இல்லை. மலாய்க்காரர்களோ அவற்றைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

லோகநாதன் பாடிய ஒரு பிரபலமான பாட்டின் தலைப்புக்கு, 'உனக்கு முன் நான் போய்விட்டால்' என்று அர்த்தம். 2007-ல் அவர்தான் முதலில் போனார். டேவிட் குழுவைக் கலைக்கவில்லை. தம்பி இல்லாத மேடையிலும் பாடினார்.

மொழி புரியாவிட்டாலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.