2டி ஆயில் வாசனை

1993 மாடலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் பானெட்டைத் திறந்தால் முதலில் எஞ்சின் கண்ணில் படாது. குழாய்கள்தான் படும். பென்சில் தடிமனிலும் அதைவிட மெல்லியதாகவும், ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து ஓடும் கறுப்பு ரப்பர் குழாய்கள். அவற்றுக்கு நடுவே வரிசையாகச் சின்னச் சின்ன சொலினாய்டு வால்வுகள். இந்தக் காரை வைத்திருப்பவர்கள் அந்த இடத்துக்கு வைத்த பெயர் எலிப்பொந்து. பார்த்தால் பெயர் சரிதான் என்று தோன்றும்.

என் நண்பன் ஒருவன் சில வருடங்களுக்கு முன்னால் சான் ஹோசேயில் இந்தக் காரை வாங்கினான். கோயம்புத்தூர்க்காரன். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே வேலிக்கு வெளியே நின்று ரேஸ் பார்த்து வளர்ந்தவன். பகலெல்லாம் டேட்டாபேஸ் வேலை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பழைய கார் விளம்பரங்கள். இந்தக் காரில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு உள்ளே சுற்றும். கொள்ளளவு வெறும் 1.3 லிட்டர். அதிலிருந்து இரண்டு டர்போக்கள் வைத்து 255 குதிரைத்திறன் எடுத்தார்கள். ஒரு டர்போ கீழ் வேகத்தில் வேலை செய்யும். ஏறத்தாழ 4500 சுற்றில் இரண்டாவது சேர்ந்துகொள்ளும். அந்த இடத்தில் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். நண்பனின் கார் ஒட்டவைக்கவில்லை. "பாதித் தூக்கத்துல ஓடுது மச்சி" என்றான்.

அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. பெல்ட்டில் ஓடும் ஏர் பம்ப், அதன் வால்வு, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா, இரண்டு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்கள், இவற்றோடு போகும் குழாய்கள் எல்லாவற்றையும் கழட்டிவிடுவது. "முப்பது வருஷம் முன்னாடி கவர்மெண்டுக்காக மாட்டினதுடா. எஞ்சினுக்கு இதெல்லாம் தேவையே இல்ல. வெயிட்டு, சூடு, மூச்சடைப்பு, அவ்ளோதான்." கார்க்காரர்கள் இதை 'டிலீட்' என்பார்கள். ஏர் பம்ப் டிலீட், கன்வெர்ட்டர் டிலீட்.

அந்தச் சொல் எங்கள் தொழிலிலும் புழங்குவது. யாரோ பத்து வருடம் முன்பு எழுதிவிட்டுப் போன கோட். ஏன் எழுதினான் என்று எங்கும் குறிப்பு இல்லை. பார்த்தால் அசிங்கமாக இருக்கும். புதிதாகச் சேர்ந்தவனுக்குக் கை அரிக்கும். நான் பார்த்தவரை, நீக்கிய மறுநாளே ஏதாவது உடைந்தால் அது அதிர்ஷ்டம். ஆறு மாதம் கழித்து, வேறு ஊரில், வேறு யாருக்கோ உடைவதுதான் வழக்கம். அதனால் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: இதையெல்லாம் யாருக்காக வைத்தார்கள்?

ரோட்டரி எஞ்சினில் எரியறை ஒல்லியாக, நீளமாக, நகர்ந்துகொண்டே இருக்கும். கொள்ளளவோடு ஒப்பிட்டால் சுவரின் பரப்பு அதிகம். குளிர்ந்த சுவரைத் தொட்ட இடத்தில் தீ அணைந்துவிடும். அங்கே ஒட்டியிருக்கும் பெட்ரோல் எரியாமலே வெளியே போகும். போதாக்குறைக்கு, ரோட்டரின் முனைகளில் இருக்கும் சீல்கள் தேயாமல் இருக்கக் கொஞ்சம் ஆயிலையும் உள்ளே ஊற்றி எரிக்க வேண்டும். அது கோளாறு அல்ல, வடிவமைப்பே அப்படி. ஏர் பம்ப் புகைபோக்கிக்குள் புதுக் காற்றைத் தள்ளும். அந்த ஆக்சிஜனையும் சூட்டையும் வைத்துக்கொண்டு, எரியாமல் தப்பியதை கன்வெர்ட்டருக்குள் இருக்கும் விலையுயர்ந்த உலோகப் பூச்சு எரித்து முடிக்கும். எஞ்சின் அரைகுறையாக விட்ட வேலையை முடிக்கும் இரண்டாவது எஞ்சின் அது. அதனிடமிருந்து சக்கரத்துக்கு ஒரு குதிரைத்திறன்கூடப் போகாது. நண்பன் சொன்னது ஒரு வகையில் உண்மைதான், எஞ்சினுக்கு அது தேவையில்லை.

தேவைப்பட்டவர்கள் லாஸ் ஏஞ்சலீஸ்காரர்கள். 1943 ஜூலையில் ஒரு நாள் அந்த நகரத்தின்மேல் கண்ணெரியும் புகைமூட்டம் இறங்கியது. போர்க்காலம், ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். பிறகு ஒரு தொழிற்சாலையைச் சந்தேகப்பட்டார்கள். அது நின்ற பிறகும் மூட்டம் போகவில்லை. கால்டெக்கில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்றொரு வேதியியலாளர் இருந்தார். டச்சுக்காரர். அன்னாசிப்பழத்துக்கு அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். பழத்தின் ஆவியைப் பிடித்துக் குளிரவைத்துப் பிரித்துப் பார்த்த அதே முறையில் நகரத்தின் காற்றையும் பிடித்துப் பார்த்தார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வெந்து ஓசோன் ஆகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். ஊரை மூச்சு முட்டவைத்தது ஊர்க்காரர்கள் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த கார்கள்தான். பின்னாளில் கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவரும் அவரே ஆனார். 1970இல் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1975 மாடல் கார்களிலிருந்து கன்வெர்ட்டர்கள் வந்தன. ஈயம் கலந்த பெட்ரோல் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வர வேண்டியிருந்தது.

நம் ஊருக்கு இது இருபது வருடம் கழித்து வந்தது. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்கும் புது பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிற்க 2000 ஆனது. கார்களுக்குத்தான் கன்வெர்ட்டர். அப்பா ஓட்டியது ஆட்டோ.

பெரம்பூர் ஸ்டேஷன் ஸ்டாண்டில் அப்பாவின் ஆட்டோ. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். பங்கில் பெட்ரோலோடு 2டி ஆயிலையும் சேர்த்துப் போடுவார்கள். டூ-ஸ்ட்ரோக்கில் புதிதாக உள்ளே வரும் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே பின்வழியாக ஓடிவிடும். ஆயிலும் சேர்ந்து எரியும். அந்த நீலப் புகையைப் பார்த்திராத, முகர்ந்திராத என் வயதுச் சென்னைக்காரன் இருக்க மாட்டான். சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வரும்போது காக்கிச் சட்டையில் அந்த வாசனை இருக்கும். அம்மா அந்தச் சட்டையை மற்ற துணியோடு சேர்த்து ஊறவைக்க மாட்டாள். எனக்கு அது பிடிக்கும். ஆட்டோ தெருமுனையில் திரும்பும் சத்தத்துக்கு முன்னால் அந்த வாசனை வந்துவிடும் என்று தம்பியிடம் பந்தயம் கட்டுவேன்.

அப்பாவுக்கு ஐம்பதைத் தாண்டியதும் இருமல் நிற்கவில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சிகரெட் எத்தனை வருஷமா?" அப்பா பீடியைக்கூடத் தொட்டதில்லை. இருபத்தாறு வருடம் சிக்னலில் முன்னால் நிற்கும் பஸ்ஸுக்குப் பின்னாலும் பக்கத்து ஆட்டோவுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தவர். இதனால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. எழுதித் தரவும் முடியாது. பல்லாயிரம் வண்டிகளின் புகையில் எது அவருடைய நுரையீரலுக்குப் போனது என்று யார் சொல்வது? கணக்கில் வராத செலவு என்றால் என்ன என்று கல்லூரியில் பொருளாதாரப் பாடத்தில் படித்ததைவிட அந்த மருத்துவமனை பெஞ்சில்தான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

இப்போது நான் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். கன்வெர்ட்டர் கழட்டிய ரோட்டரி காரின் புகை கிட்டத்தட்ட அந்த வாசனைதான். எரியாத பெட்ரோல், கொஞ்சம் எரிந்த ஆயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் கூட்டமொன்றில் அப்படியொரு ஆர்எக்ஸ்-7 என்னைக் கடந்து போனபோது, கலிபோர்னியாவின் பார்க்கிங் லாட்டில் நின்றபடி நான் பெரம்பூரில் இருந்தேன். நண்பனுக்கு எதிராக நான் பேசும்போதெல்லாம் என் மூக்கு அவன் கட்சியில் இருந்தது.

அவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தக் காரில் டர்போவுக்கு அடுத்தபடியாகவே ஒரு சின்ன கன்வெர்ட்டர் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது சீக்கிரம் சூடேறி வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் அந்தச் சூடு முழுக்க பானெட்டுக்குள்ளேயே நிற்கும். ரப்பர் குழாய்கள் பிஸ்கட் மாதிரி மொறுமொறுவென்று ஆவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கழட்டுவதும் சும்மா விடாது. புகைவழி திறந்துகொண்டால் டர்போவின் அழுத்தம் தயாரிப்பாளர் நினைத்த அளவைத் தாண்டி ஏறும். காரின் பழைய கம்ப்யூட்டருக்கு அந்தக் கூடுதல் காற்றுக்கு வேண்டிய பெட்ரோலைக் கொடுக்கத் தெரியாது. கலவை நேரம் தவறி வெடிக்கும். ரோட்டரியில் ஒரே ஒரு மோசமான வெடிப்பு போதும், முனை சீல் உடைந்துவிடும், எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். ஆக ஒன்றைக் கழட்டினால் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டும், அதை மாற்றினால் பெட்ரோல் பம்பை, இன்ஜெக்டரை. டிலீட் என்று தொடங்குவது ஷாப்பிங்கில் போய் முடியும்.

நாங்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். முதலில் குழாய்கள். கன்வெர்ட்டரில் நான் கை வைக்க மாட்டேன், மற்றபடி கூலி வாங்காத உதவியாள். மூன்று வாரக்கடைசிகள் போயின. இன்டேக் மேனிஃபோல்டைத் தூக்கி வைத்துவிட்டு ஒவ்வொரு குழாயாக எடுத்து, நீளம் அளந்து, எண் ஒட்டி, அதே இடத்தில் சிலிக்கோன் குழாய் மாட்டினோம். அப்போதுதான் ஒரு விஷயம் எங்களுக்குச் சரியாகப் பிடிபட்டது. எலிப்பொந்தில் பல குழாய்களுக்கும் புகைக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு டர்போக்களையும் முறை மாற்றி ஓடவைப்பதே அவைதான். அப்படி ஓடிய குழாய்களில் ஒன்று விரிந்திருந்தது. இன்னொன்று தொட்டதும் கையோடு வந்தது. ஒரு சொலினாய்டு செத்துக் கிடந்தது. அவன் அரசாங்கத்தின்மேல் போட்ட பழி ஐந்து டாலர் ரப்பருக்கு உரியது.

மாட்டி முடித்து ஓட்டினோம். 4500இல் இரண்டாவது டர்போ வந்தது. முதுகு ஒட்டியது. எல்லாக் கருவிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தோம், ரெண்டு பேருக்கும் முப்பத்தைந்து வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். அவனுக்கு முடியவில்லை, ஏனென்றால் அவனுக்கு வேண்டியிருந்தது வேகம் மட்டுமல்ல, சத்தமும். கலிபோர்னியாவில் இந்த வயதுக் காருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஸ்மாக் சோதனை. சான் ஹோசே மாதிரி ஊர்களில் காரை உருளைமேல் ஏற்றி மணிக்கு 15 மைல், 25 மைல் வேகங்களில் ஓடவிட்டுப் புகையை அளப்பார்கள். பானெட்டைத் திறந்து இருக்க வேண்டியது இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். "அதுக்கென்ன, எல்லாரும் பண்றதுதான். டெஸ்டுக்கு முந்தின நாள் பழசை மாட்டணும், மறுநாள் கழட்டிடணும்" என்றான். "அதைத்தானேடா ஃபோக்ஸ்வாகன் பண்ணான்" என்றேன்.

2015இல் வெளிவந்த அந்த விவகாரத்தை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. டீசல் காரின் மென்பொருள், ஸ்டீயரிங் திரும்புகிறதா, வேகம் எப்படிப் போகிறது என்பதையெல்லாம் பார்த்து, இது சோதனைச் சாலையா நிஜச் சாலையா என்று கண்டுபிடிக்கும். சோதனை என்றால் நல்ல பிள்ளை. வெளியே வந்தால் நைட்ரஜன் ஆக்சைடு அளவு வரம்பைப் போல 40 மடங்கு வரை. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். 2017இல் ஒரு பொறியாளருக்கு 40 மாதச் சிறை. யாரோ ஒருவன் என்னைப் போலவே நாற்காலியில் உட்கார்ந்து அந்த நிபந்தனை வரியை எழுதியிருக்கிறான், இன்னொருவன் அதைப் பார்த்து சரி என்று ஒப்புதல் கொடுத்திருக்கிறான். ஸ்பானரால் செய்தால் அது பொழுதுபோக்கு, கோடால் செய்தால் குற்றம் என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

"அது கோடி வண்டி, இது ஒண்ணே ஒண்ணு. மாசத்துல ரெண்டு நாள் எடுக்கிறேன். நீ வருஷத்துக்கு ஒருதடவை ஊருக்குப் போற ஃபிளைட்டு எவ்ளோ விடுது?" என்றான். நல்ல கேள்வி. பூமி சூடாவதற்கான கணக்கில் அவனுடைய காரை என்னுடைய டிக்கெட் அமுக்கிவிடும், சந்தேகமே இல்லை. ஆனால் கன்வெர்ட்டர் செய்வது வேறு வேலை. அது வானிலையைக் காப்பாற்ற வந்ததில்லை. தெருவில், மூக்கு உயரத்தில், பத்தடி தூரத்தில் இருப்பவருக்காக வந்தது. நன்றாக வேலை செய்யும் கன்வெர்ட்டர் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நச்சை நீக்கிவிடும். கழட்டினால் ஒரு கார் அந்தத் தெருவுக்குப் பத்துக் கார். மாதத்தில் இரண்டே நாள்தான், ஆனால் அந்த இரண்டு நாளும் சிக்னலில் அவனுக்குப் பின்னால் யாரோ நிற்பார்கள். இதைச் சொன்னேன். அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் வாயடைத்துப் போயிருப்பான். அப்படி ஜெயிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

போன வருடம் வேலை மாறி அவன் சியாட்டில் போனான். வாஷிங்டன் மாநிலத்தில் புகைச் சோதனையை 2020 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். கருவியைக் கழட்டக் கூடாது என்கிற மத்தியச் சட்டம் அங்கேயும் உண்டு, ஆனால் பார்க்க ஆள் இல்லை. இரண்டாவது மாதம் ஒரு வீடியோ வந்தது. வீட்டு வாசலில் கார், பம்பர் உயரத்தில் வைத்த கேமரா, கன்வெர்ட்டர் இல்லாத ரோட்டரியின் அந்த வெடவெடப்பு. அழகான சத்தம்தான். நான்கு முறை கேட்டேன். வாசனை வராத குறை ஒன்றுதான்.

போன் பண்ணினேன்.

"எப்படி மச்சி?"

"சத்தம் சூப்பர்டா. பின்னாடி உக்காந்து வீடியோ எடுத்தது யாரு?"

"பொண்ணுதான். நான்தான் எடுப்பேன்னு அடம். ஏன்?"

"ஒண்ணுமில்ல. அடுத்த தடவை கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ம்" என்றான்.