கொண்டை ஊசியா, குத்தூசியா?

“சார், இது ஆக்சென்ட்டா, ஹேர்பின்னா?” என்று கேட்டாள் மாணவி. ஷோபனின் மசூர்க்கா ஒன்று. இரண்டாம் அடியில் விழும் சுரத்தின்மேல் வலப்பக்கம் குவிகிற ஒரு குறி. குட்டையாக இருந்தால் ஆக்சென்ட். அந்தச் சுரத்தை அழுத்த வேண்டும். நீளமாக இருந்தால் ஹேர்பின். ஒலியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். (மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு என்கிறோமே, அதே ஊசிதான்.) அவள் புத்தகத்தில் இருந்ததோ ரெண்டுங்கெட்டான் நீளம்.

அவள் வயதில் நான் இதைக் கேட்டிருக்கவே மாட்டேன். குறியைக் கண்டால் கட்டையில் ஒரு குத்து, அவ்வளவுதான். ஒருநாள் என் ஆசிரியை என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, “ஏம்ப்பா, அது என்ன பாவம் பண்ணிச்சு?” என்றார். அடிக்காதே, அந்த இடத்தில் கொஞ்சம் இருந்துவிட்டுப் போ என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. பழைய பதிப்புகளைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கே பிடிபட்டது.

அந்தக் காலத்தில் இசைப் பக்கங்களை வெள்ளீயக் கலவைத் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்கினார்கள். சுரத்தின் தலை, எழுத்து போன்றவற்றுக்கு முனையில் வடிவம் வெட்டிய எஃகு அச்சு இருக்கும். தகட்டில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். குட்டை ஆக்சென்ட்டும் அப்படித்தான். ஹேர்பின்னை மட்டும் கையால் கீறி இழுக்க வேண்டும். ஆனால் ஷூபர்ட்டும் ஷோபனும் பேனாவால் எழுதியவர்கள். கை போன போக்கில் குறி ஒரு சுரத்தோடு நிற்கும், அல்லது அடுத்த சுரத்தின் தலைவரை நீளும். தட்டுவதா கீறுவதா என்று செதுக்குபவர் ஒவ்வொரு தடவையும் முடிவு செய்தாக வேண்டும். நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்பதற்கு அவர் பெட்டியில் அச்சு கிடையாது.

அந்த மூன்றாவதை ஷோபன் ஆய்வாளர்கள் நீள் ஆக்சென்ட் என்கிறார்கள். யான் எகியர் பொறுப்பில் வந்த போலந்து தேசியப் பதிப்பு அதைத் தனிக் குறியாகவே அச்சிடுகிறது. இது வெறும் பண்டித விவகாரம் என்று எனக்குத் தோன்றவில்லை. பியானோவில் தட்டிய சுரம் தானாகவே தேயும். தட்டிய பிறகு அதன் ஒலியைப் பெருக்க வழியில்லை. அப்படியிருக்க, ஒரே சுரத்தின்மேல் ‘குறைத்துக்கொண்டே போ’ என்று எழுதுவதில் என்ன பொருள்? சற்றுக் கனமாக இறங்கு, அதன் தேய்வைக் காதால் பின்தொடர், அடுத்த சுரத்தை அந்தத் தேய்ந்த ஒலிக்குள் வை. நான் அப்படித்தான் படிக்கிறேன். பிராம்ஸ் வாசித்து நேரில் கேட்ட ஃபேனி டேவிஸ் எழுதியிருப்பதும் இதற்கு ஒத்தாசை: ஹேர்பின் ஒலிக்கு மட்டுமல்ல, காலத்துக்கும் உரியது, அங்கே பிராம்ஸ் சற்றுத் தாமதிப்பார் என்கிறார். இன்னொன்று, அன்றைய வியன்னா பியானோவின் ஒலி இன்றையதைவிடச் சீக்கிரம் அடங்கும். அதே கனத்தை இன்றைய பெரிய பியானோவில் போட்டால் சுரம் துருத்திக்கொண்டு நிற்கும்.

பதிப்புகளை ஒப்பிடும்போது எண்ணிக்கையை நம்பக் கூடாது. 1839-இல் வெளியான ஷோபனின் பிரலூடுகளையே எடுத்துக்கொள்வோம். பாரிஸ் பதிப்பு அவர் கைப்பிரதியைப் பார்த்துச் செதுக்கியது. லைப்சிக் பதிப்பு நண்பர் ஃபொன்டானா எடுத்த நகலைப் பார்த்து. லண்டன் பதிப்பு பாரிஸைப் பார்த்து. பாரிஸும் லண்டனும் ஒத்துப்போனால் இரண்டு சாட்சி என்று நினைக்காதீர்கள். ஒரே சாட்சி இரண்டு தரம் பேசுகிறது. கைப்பிரதி இன்று வார்சா தேசிய நூலகத்தில் இருக்கிறது.

ஷூபர்ட்டின் ஜி ஃப்ளாட் இம்ப்ராம்ப்டுவின் கதை இன்னும் மோசம். 1827-இல் எழுதியது, அவர் இறந்து 29 ஆண்டுகள் கழித்து 1857-இல் வியன்னாவில் ஹாஸ்லிங்கர் வெளியிட்டார். ஆறு ஃப்ளாட் பார்த்து வாங்குபவர்கள் பயந்துவிடுவார்கள் என்றோ என்னவோ, ஜி மேஜருக்கு மாற்றிவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. நீண்ட தாள அளவுகளை இரண்டிரண்டாக வெட்டிப் புதுக் கோடுகள் போட்டுவிட்டார்கள். அளவின் நடுவே மிதந்துகொண்டிருந்த சுரம் இப்போது கோட்டை ஒட்டி முதல் சுரமாக நிற்கிறது. எந்த வாசிப்பவருக்கும் கோட்டுக்கு அடுத்த சுரத்தில் கை தானாகக் கனக்கும். ஒரு குறிகூடச் சேர்க்காமலே பக்கம் முழுக்க ஆக்சென்ட் போட்டாகிவிட்டது!

மாணவியை அந்த இரண்டாம் அடியை மூன்று விதமாக வாசிக்கச் சொன்னேன். குத்தியபோது மசூர்க்கா குதிரை நடை போட்டது. வெறுமனே ஒலியைக் குறைத்தபோது ஆட்டமே காணாமல் போனது. மூன்றாம் முறை கையைக் கட்டையிலிருந்து எடுக்காமல், கனத்தை மட்டும் இறக்கி, அரை மூச்சு தங்கிப் போனாள். கீழ்வீட்டுக் குக்கர் விசில்கூட அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. “இதுவே இருக்கட்டும் சார்” என்று பென்சில் எடுத்து, குறியை அடுத்த சுரம்வரை இழுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் வந்தபோது புத்தகத்தில் எல்லா ஆக்சென்ட்டையும் நீட்டி வைத்திருந்தாள். இருவருமாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்து, பாதியை ரப்பரால் அழித்தோம்.