ஆண்டவன் சோதனையும் ஓர் ஊன்றுகோலும்

கோடை விடுமுறைக்கு ஆரம்பாக்கம் வந்திருந்த என் பேரன், ஒரு நாள் மாலை விளக்கேற்றிய பிறகு திண்ணையில் என் அருகே வந்து அமர்ந்தான். "தாத்தா, ஒருத்தரைச் சாமி சோதிக்கணும்னா எப்படிச் சோதிக்கும்? நாலஞ்சு யோசனை சொல்லுங்க" என்று கேட்டான். வங்கியில் 34 ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு எத்தனையோ விதமான விண்ணப்பங்கள் வந்ததுண்டு. ஆண்டவன் சார்பில் சோதனை வகுத்துத் தரும்படி ஒரு விண்ணப்பம் வந்தது அதுவே முதல் முறை.

விசாரித்தபோது அது ஒரு விளையாட்டுக்காக என்று தெரிந்தது. ஒருவர் கதையை நடத்துவாராம். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டு, அந்தப் பாத்திரமாகவே பேசி, முடிவெடுத்து ஆடுவார்களாம். சண்டையோ ஆபத்தோ வந்தால் பகடை உருட்ட வேண்டும். அதில் ஒரு பகடைக்கு இருபது முகங்கள்! 1974இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் வெளிவந்த விளையாட்டிலிருந்து இந்த வகை ஆட்டங்கள் உலகெங்கும் பரவினவாம். பேரன்தான் கதை நடத்துபவன். ஆடுபவர்கள் எங்கள் தெருப் பிள்ளைகள் இருவரும், ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வரும் ஒரு பையனும். அவர்களுடைய பாத்திரங்கள் எல்லாம் இப்போதுதான் முதல் படியில் நிற்கின்றன. வலிமை குறைவு, அனுபவம் இல்லை. அவர்கள் முன் ஒரு தெய்வம் தோன்றிச் சோதிக்க வேண்டும்.

தெய்வத்தை விளையாட்டில் சேர்ப்பது தகுமா என்று முதலில் தயங்கினேன். பிறகு வைகுண்ட ஏகாதசி இரவில் என் பாட்டியோடு பரமபத சோபானம் ஆடியது நினைவுக்கு வந்தது. திரௌபதியம்மன் விழாக்களில் அர்ச்சுனன் தபசுக் கூத்தை விடிய விடியக் கண்டதும் நினைவுக்கு வந்தது. வேடனாக வந்து, ஒரு பன்றியை முன்னிட்டு வம்புக்கிழுத்து, வில்லால் அடியும் வாங்கி, கடைசியில் பாசுபதம் தந்தருளிய பரமன் இந்தப் பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று தேறினேன்.

பெரிய புராணம் படித்தவன் என்ற பெருமிதத்தில், எடுத்த எடுப்பிலேயே சிறுத்தொண்டர் வரலாற்றின் சாயலில் ஒரு சோதனையைச் சொன்னேன். ஒரு சிறுமி மருத்துவச்சிப் பாத்திரத்தை ஏற்றிருந்தாள். கதைப்படி அவளுக்கு ஒரு தம்பி உண்டு. தெய்வம் வந்து அந்தத் தம்பியைக் கேட்கட்டும் என்றேன். பேரன் அதை ஆட்டத்தில் வைத்தான். அந்தக் குழந்தை பகடையைத் தரையில் வைத்துவிட்டு, "இப்படிக் கேட்கிற சாமி எனக்கு வேண்டாம் தாத்தா" என்று எழுந்துபோய்விட்டாள்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிழை குழந்தையிடம் இல்லை என்பது மட்டும் விளங்கியது. சிறுத்தொண்டர் வாதாபிப் போர்க்களம் கண்ட படைத்தலைவர். அடியாரை அமுது செய்விக்காமல் தாம் உண்பதில்லை என்ற நெறியில் நெடுங்காலம் நின்றவர். அவருக்கு வந்த சோதனை மலையுச்சியில் வந்தது. அதைக் கொண்டுவந்து அடிவாரத்தில் நிற்கும் குழந்தையின் தலையில் வைத்தது நான்.

வங்கியில் இப்படிச் செய்வோமா? 1992இல் நபார்டு வங்கி மகளிர் சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியபோது வகுத்த முறை எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் பெண்கள் தங்களுக்குள் சிறுகச் சிறுகச் சேமிப்பார்கள். அந்தச் சேமிப்பிலிருந்து ஒருவருக்கொருவர் சிறு கடன் கொடுத்துத் திருப்பிக் கட்டப் பழகுவார்கள். அதன் பிறகே வங்கிக் கடன். அதுவும் சிறியதில் தொடங்கிப் படிப்படியாக உயரும். தாங்கும் தோளைப் பார்த்துத்தான் சுமை.

மறுநாள் பேரனை அழைத்து அதிபத்த நாயனாரின் வரலாற்றைச் சொன்னேன். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் குலத் தலைவர் அவர். பிடிக்கும் மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடுவது அவருடைய நியமம். ஒரு காலத்தில் நாளுக்கு ஒரு மீன்தான் வலையில் விழுந்தது. அந்த ஒன்றையும் ஈசனுக்கே விட்டார், சுற்றத்தோடு பசித்திருந்தார். இப்படிப் பல நாள் கழிந்த பின், பொன்னும் மணியுமாக ஒளிவீசும் மீன் ஒன்று அகப்பட்டது. அதையும் விட்டார். விடை மேல் இறைவன் எழுந்தருளினார். இன்றும் ஆவணி மாதத்தில் நாகையில் பொன்மீனைக் கடலில் விடும் விழா நடக்கிறது.

"கவனித்தாயா? இறைவன் அவரைப் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. அவர் நாள்தோறும் செய்துவந்த ஒரே செயலைத்தான் சிறிது சிறிதாகக் கடினமாக்கினார்" என்றேன். பக்கத்தில் இருந்த குப்பத்துப் பையன் உடனே நிமிர்ந்தான். அவனுடைய பாத்திரமும் மீனவன்தான்.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. வலை கட்டும் இடங்களை ஊரார் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்று உன் முறை, நாளை அவன் முறை. வலை காலியாக வந்தாலும் அடுத்தவன் பாட்டில் கை வைக்கக் கூடாது. அந்தப் பையனே சொன்னான்: "தாத்தா, எங்க பாட்டுல நாலு நாளா ஒண்ணும் விழலை. ஆனா அடுத்தவங்க பாட்டுல தங்க மீன் துள்ளுது. அதான் சோதனை." நான் ஒரு மாதம் யோசித்தாலும் இவ்வளவு பொருத்தமான சோதனை என் மனத்தில் உதித்திராது.

அடுத்துக் கண்ணப்பரைச் சொன்னேன். எங்கள் ஊரிலிருந்து காளத்தி வெகு தொலைவன்று. தமிழகத்தின் கடைசி ரயில் நிலையங்களில் ஒன்று எங்களுடையது. அடுத்த நிலையமான தடா ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே போனால் பொன்முகலிக் கரையில் அந்த மலை. திண்ணன் முதல் படியிலும் முதல் படி. பூசை அறியாதவன், பக்திக்கு வயது ஆறே நாள். ஈசனின் கண்ணில் குருதி வழிந்தபோது அது சோதனை என்று அவனுக்குத் தெரியாது. மறைந்திருந்து பார்த்த சிவகோசரியாருக்காகவும் நடந்தது அது. ஒரு கண்ணை அப்பிவிட்டு இரண்டாவது கண்ணுக்கு அம்பை வைத்த கணத்தில் இறைவனின் கை நீண்டு வந்து தடுத்தது.

பேரன் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். ஒன்று: ஏற்கெனவே நேசிப்பதிலிருந்தே சோதனை வரவேண்டும். இரண்டு: தாங்கும் அளவே இருக்க வேண்டும். மூன்று: சோதிக்கப்படுபவருக்கு அது சோதனை என்று தெரியக் கூடாது. பிறகு என்னைப் பார்த்து, "தாத்தா, நாலாவது ஒண்ணு இருக்கு. எல்லாக் கதையிலும் சோதிச்சவர் கடைசியில வந்துடறார். வராம இருந்தா அது சோதனையே இல்லை, இல்லையா?" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை அந்தச் சொற்கள் தொட்டுவிட்டன.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, ஏரிக்கரை ஊர்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஒரு கிளையில் அதிகாரியாக இருந்தேன். சில வாரங்கள் கழித்து ஒரு மீனவ அம்மாள் வந்தார். கணவரை முன்பே இழந்தவர். மகன் ஓட்டிய படகும் வலைகளும் போய்விட்டன. கடன் மட்டும் இருந்தது. அவர் சொல்லி முடிக்கும் முன்பே, மேசை மேல் குவிந்திருந்த கோப்புகளைப் பார்த்தபடி, "ஆண்டவன் சோதிக்கிறாரம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். ஆறுதல் சொன்னதாகவே நினைத்தேன்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "சாமி சோதிச்சா கடைசியில சாமியே வந்து நிக்கும் சார், கூத்துல பார்த்திருக்கேன். எனக்கு யார் சார் வருவாங்க?" என்று கேட்டார்.

விதிப்படி தவணையை நீட்டிக்கும் தாளில் கையெழுத்திட்டேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. சில மாதங்களில் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவரை மறுபடி பார்க்கவில்லை.

"தாத்தா, தோத்துட்டா என்ன பண்றது?" என்று பேரன் என்னை உலுக்கினான். சோதனையில் தோற்ற பாத்திரம் செத்துவிட்டால் ஆட்டம் சுவைக்காதாம்.

அப்போது எனக்குச் சுந்தரர் துணைக்கு வந்தார். திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், சங்கிலியாரைப் பிரியேன் என்று ஆணையிட்டவர். ஆரூர் நினைவு மேலிட எல்லையைத் தாண்டினார், இரு கண்ணும் இழந்தார். சோதனையில் தோற்றவர்தான். ஆனால் தோழரை இறைவன் கைவிட்டாரா? வழியில் திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோலைக் கொடுத்தார். காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண். அந்த வெண்பாக்கம் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டிதான். 1944இல் கட்டப்பட்ட நீர்த்தேக்கத்துக்குள் பழைய தலம் போய்விட, கோயிலை வேறிடத்தில் எழுப்பினார்கள். அங்கே ஊன்றீசுவரரைப் பலமுறை தரிசித்திருக்கிறேன். கண் கேட்டவருக்குக் கோல்தானா கிடைத்தது என்று ஒவ்வொரு முறையும் எண்ணியதுண்டு. இப்போதுதான் புரிந்தது: கோல் இல்லாமல் காஞ்சி வரை அவர் எப்படி நடந்திருப்பார்?

அன்று அந்த அம்மாளுக்குப் படகைத் திருப்பிக் கொடுக்க என்னால் ஆகாது. ஆனால் நிவாரண விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்திருக்கலாம். எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று உடன் நடந்து காட்டியிருக்கலாம். ஆண்டவன் சோதிக்கிறார் என்று ஆண்டவன் சார்பில் அறிவித்த நான், ஆண்டவன் சார்பில் ஒரு கோலைக் கொடுக்காமல் விட்டேன்.

விடுமுறையின் கடைசி ஞாயிறன்று திண்ணையில் ஆட்டம் நடந்தது. கோபித்துப் போன சிறுமியும் திரும்பி வந்திருந்தாள். குப்பத்துப் பையனுக்கு அவனே வகுத்த சோதனை வந்தது. நான்கு நாள் வெறும் வலை. அடுத்தவர் பாட்டில் பொன்மீன். நாங்கள் எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தோம். பகடையைத் தொடாமலே, "எடுத்துக்கறேன். என் தங்கச்சிக்குப் பசிக்குது" என்றான்.

யாரும் பேசவில்லை. பேரன் சற்று யோசித்துவிட்டு மெல்லச் சொன்னான்: "மீன் கையில பட்டதும் ஏரி முழுக்க இருட்டாயிடுது. கரை எந்தப் பக்கம்னு தெரியலை. அப்போ ஒரு பெரியவர் தோணியில வர்றார். திட்டலை. தோணி தள்ளுற கழியை உன் கையில குடுத்து, இதை ஊன்றிக் கரைக்குப் போ, மீனை யார்கிட்ட திருப்பிக் கொடுக்கணுமோ கொடு, அப்புறம் என் வீட்டுக்கு வா, சோறு இருக்குன்னு சொல்றார்."

"அந்தப் பெரியவர் யாரு?" என்று சிறுமி கேட்டாள்.

"அதை அடுத்த லீவுல சொல்றேன்."

பேரன் சென்னை திரும்பிவிட்டான். சென்ற வாரம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், மனைவிக்கு அறுவை சிகிச்சை, கையில் பணம் போதவில்லை என்று வந்து நின்றார். பழக்கத்தில் 'ஆண்டவன் சோதனை' என்று நாக்கு நுனி வரை வந்த சொல்லை விழுங்கினேன். செருப்பை மாட்டிக்கொண்டு, "வாருங்கள், காப்பீட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்போம்" என்று அவரோடு புறப்பட்டேன்.