ஒரு வாளித் தண்ணீர்

அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டுப் பக்கம் ஒரு வீடு. குளியலறையில் வாஷ்பேசினைச் சுற்றி வெள்ளை மார்பிள் மேடை. குழாயடியில் மினுப்புப் போய்ச் சுண்ணாம்பு பூசினாற்போல் கிடந்தது; மேலே கோடு கோடாகக் கீறல். பாலிஷ் போடும் அண்ணாச்சி நகத்தால் நெடுக இழுத்துப் பார்த்தார்.

"ஆசிட் ஊத்துனீகளாக்கா?"

ஊற்றியிருந்தார்கள். இந்த வானம் பார்த்த சீமையில் போர்த் தண்ணீர் உப்பு. சொட்டுக் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைக் கறை. அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். மார்பிளும் அதுவேதான். கறையைக் கரைக்கிற ஆசிட் கல்லையும் சேர்த்தே கரைக்கும். கடப்பாக் கல்லும் சுண்ணாம்பு வகை என்பதால் அதற்கும் இதே கதி.

கிரானைட் வேறு ஜாதி. அடுப்படிக் கறுப்புக் கிரானைட்டில் இருந்த சாம்பல் கோடுகளையும் அந்த அக்கா காட்டினார். "இது கீறலே இல்ல" என்றார் அண்ணாச்சி. மோஸ் அளவில் கிரானைட்டின் கடினம் 6, 7 வரை போகும்; எவர்சில்வர் அதைவிட மெத்து. பாத்திரத்தை இழுத்தால் தேய்வது பாத்திரம்தான், அந்தத் தேய்மானம் கல்லில் ஒட்டிக்கொள்கிறது. ஈரத்துணியில் விளக்குகிற பவுடரைத் தொட்டுத் தேய்த்தார். கோடு போய்விட்டது.

மார்பிளின் கடினமோ வெறும் 3. கை மெஷினில் வைரத்தூள் பேட்டை மாட்டி 200ஆம் நம்பரில் தொடங்கி 400, 800, 1500, 3000 என்று ஏற வேண்டும். ஒவ்வொரு பேட்டும் முந்தினது போட்ட கீறலை அழித்து, அதைவிடப் பொடிக் கீறலைப் போடுகிறது. நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் வெளிச்சத்தில் வட்டம் வட்டமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு வாளித் தண்ணீர் கேட்டதும் அக்கா தயங்கினார். லாரித் தண்ணீர் வாங்கும் வீடு. "தூசியை நான் கூட்டிக்கிறேன், சும்மா தேயுங்க." அண்ணாச்சி மெஷினைக் கீழே வைத்துவிட்டார். மேலூர்ப் பக்கம் கிரானைட் பட்டறையில் இருந்தவர். "மார்பிளோ கிரானைட்டோ, தண்ணி இல்லாமத் தொட மாட்டேங்கா. கூட வேலை பாத்தவுக இருமுனத நான் பாத்திருக்கேன்."

கிரானைட் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும். சிலிகோசிஸ் வந்தால் முழுக்கக் குணமாக்க மருந்து கிடையாது. இப்போது புதுமோஸ்தராக விற்கும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகள் பலவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா. அவற்றை அறுத்துத் தேய்த்த தொழிலாளர்கள் நோயில் விழுந்ததால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. நம் ஊரில் முகமூடிக்கும் தண்ணீருக்கும் தொழிலாளியே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. கூலி பேசும்போதே அந்த வாளியையும் சேர்த்துப் பேசுவது வீட்டுக்காரர் கடமை என்பேன்.

வாளி வந்தது. கையாள் தண்ணீர் விட, பால் நிறத்தில் சேறு வழிந்தது. மதியத்துக்குள் குழல் விளக்கு மேடையில் தெரிந்தது. கூலியை வாங்கிக்கொண்டு அண்ணாச்சி சொன்னார்: "எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதுவும் ஆகாதுக்கா. சோப்புத் தண்ணியில கழுவி, ஈரம் காயுறதுக்குள்ள துடச்சிருங்க. உப்பே படியாது."