செப்டம்பர் 30-க்குள் சுற்றிய காற்றாடிகள்

பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் பக்கம் போகிறவர்கள் வள்ளியூர் தாண்டியதும் காற்றாடிகளை எண்ணத் தொடங்குவார்கள். பணகுடி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி என்று போகப்போக எண்ணிக்கை கைமீறிவிடும். என்னைப் போல ஆடிட்டர் தொழிலில் இருப்பவன் அவற்றைப் பார்த்துக் கேட்கும் கேள்வி வேறு. இது எந்தத் தேதியில் ஓடத் தொடங்கியது? அந்தக் கணக்கு வருடத்தில் 180 நாள் தேறியதா?

இந்த 180 நாள் கணக்கு வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு இயந்திரம் வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால், அதற்கான தேய்மானத்தில் பாதிதான் கழிக்கலாம். அதனால் தொழிலில் எல்லோருக்கும் செப்டம்பர் 30 ஒரு கெடு. அதைத் தவறவிட்டவர்களுக்கு மார்ச் 31 அடுத்த கெடு, பாதியாவது கிடைக்கும். எங்கள் பக்கம் தென்மேற்குக் காற்று வைகாசிக் கடைசியில் கிளம்பி, ஆனி ஆடியில் உச்சம் தொட்டு, புரட்டாசியில் அடங்கிவிடும். காற்று அடங்குகிற நேரத்தில் கிரேன்கள் இரவு பகலாக நின்று இறக்கை மாட்டின. அவசரம் வரிக்கணக்கில் இருந்தது.

பெரிய கம்பெனிகள் தங்கள் பங்கு வரியைக் கட்டுகின்றனவா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்தக் காற்றாடிகளைத்தான் உதாரணம் காட்டுவேன். "திருடுகிறார்கள்" என்று சொல்பவர்களுக்கும், "சட்டப்படிதானே கட்டுகிறார்கள்" என்று சொல்பவர்களுக்கும் இந்த ஒரே உதாரணம் போதும்.

தமிழ்நாட்டில் காற்று மின்சாரத்தின் முதல் சோதனை 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் நடந்தது. அதன் பிறகு தனியாரை இழுக்க மத்திய அரசு பிடித்த வழி தேய்மானம். முதலில் காற்றாலையின் முழு விலையையும் முதல் வருடமே லாபத்தில் கழிக்கலாம் என்று 100 சதவீதம் கொடுத்தார்கள். 2002-ல் அது 80 ஆனது. 2012-ல் 15-க்கு இறங்கியது, 2014-ல் மறுபடி 80-க்கு ஏறியது, 2017 ஏப்ரலிலிருந்து 40-ல் நிற்கிறது.

கணக்கு இப்படி வரும். 2009-ல் ஒரு நூற்பாலைக் கம்பெனிக்கு நல்ல லாபம் என்று வைத்துக்கொள்வோம். 6 கோடி ரூபாய்க்கு ஒரு காற்றாடி நிறுத்துகிறது. அதில் 4.20 கோடி வங்கிக் கடன், 1.80 கோடி கைப்பணம். செப்டம்பருக்குள் ஓட்டிவிட்டால் 80 சதவீதம், அதாவது 4.80 கோடி, அந்த வருடமே நூற்பாலையின் லாபத்திலிருந்து கழிந்துவிடும். அப்போது ஒரு கோடிக்குமேல் வருமானம் உள்ள கம்பெனிக்கு வரி 33.99 சதவீதம். மிச்சமாகும் வரி சுமார் 1.63 கோடி. கையிலிருந்து போட்ட பணத்தில் முக்கால்வாசிக்குமேல் அந்த வருடமே திரும்பிவிடுகிறது. அக்டோபர் பாதியில் ஓட்டினால் இதில் பாதிதான்.

இதில் பொய்க் கணக்கு எதுவும் இல்லை. இயந்திரம் நிற்கிறது, மின்வாரியத்தின் சான்றிதழ் இருக்கிறது, பில் இருக்கிறது. தேய்மானம் என்பது வரியைத் தள்ளிப்போடுவதுதான், தள்ளுபடி அல்ல என்று புத்தகம் சொல்லும். இந்த வருடம் அதிகம் கழித்தவர் அடுத்தடுத்த வருடங்களில் கழிக்க ஒன்றுமில்லாமல் நிற்பார். அப்போது வரி கூடுதலாக வரும். நான் ஆர்ட்டிகிள்ஷிப் செய்த காலத்தில் இதை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன்.

ஆனால் சட்டத்தில் 80-ஐஏ என்று இன்னொரு பிரிவு இருந்தது. மின்சாரம் தயாரிக்கும் நிறுவனத்துக்கு, தொடங்கிய 15 வருடத்துக்குள் தொடர்ந்து 10 வருடம் அந்த லாபத்துக்கு முழு விலக்கு. எந்த வருடத்திலிருந்து 10 வருடம் என்பதைக் கம்பெனியே தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதல் சில வருடங்களில் காற்றாடியின் தேய்மானத்தை நூற்பாலை லாபத்தில் கழித்து முடித்துவிடலாம். கழிக்க ஒன்றுமில்லாமல் காற்றாடி முழு லாபம் காட்டத் தொடங்கும்போது, "இந்த வருடத்திலிருந்து எனக்கு விலக்கு" என்று கேட்கலாம். தள்ளிப்போட்ட வரி கதவைத் தட்டும் நேரத்தில் விலக்கு வந்து நிற்கும்.

வருமான வரித்துறை இதைச் சும்மா விடவில்லை. தேய்மானத்தால் காற்றாடிக்கு வந்த பழைய நஷ்டத்தை, அது ஏற்கெனவே வேறு லாபத்தில் கழிந்திருந்தாலும், காகிதத்தில் மறுபடி கொண்டுவந்து காற்றாடி லாபத்தில் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் விலக்கு என்றது. வேலாயுதசாமி ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2010-ல் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. கம்பெனி தேர்ந்தெடுத்த வருடத்திலிருந்துதான் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்; அதற்கு முன்பே கழிந்து முடிந்த நஷ்டத்தைத் தோண்டி எடுக்கக் கூடாது என்றது. தொடக்க வருடம் எது என்பது கம்பெனியின் விருப்பம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2016 பிப்ரவரியில் சுற்றறிக்கை விட்டது. சட்டத்தின் வாசகத்தைப் படித்தால் தீர்ப்பு சரி. என் வாடிக்கையாளருக்கு அப்படி ஒரு காற்றாடி இருந்திருந்தால் நானும் அதையே வாதாடியிருப்பேன்.

இந்த மாதிரிச் சலுகைகளை அடுக்கிக்கொண்டே போய் வரியே கட்டாத லாபக் கம்பெனிகள் உண்டாயின. ராஜீவ் காந்தி தாமே வாசித்த 1987 பட்ஜெட்டில் அவற்றுக்கு ஒரு குறைந்தபட்ச வரி போட்டார். இன்றைய 'மேட்' அதன் வாரிசு. பங்குதாரருக்குக் காட்டும் லாபத்தில் ஒரு பங்காவது கட்டு என்பது அதன் சாரம். அதனால் காற்றாடிக்காரருக்கும் வரி ஒரேயடியாகப் பூஜ்யம் ஆகிவிடவில்லை. இருந்தாலும் மத்திய பட்ஜெட்டோடு வரும் வரிச் சலுகை அறிக்கையைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதிக லாபம் ஈட்டும் கம்பெனிகள் உண்மையில் கட்டிய விகிதம், சிறு லாபக் கம்பெனிகள் கட்டியதைவிடக் குறைவாகவே இருந்தது. காரணம் எளிது. சலுகை வாங்க முதலில் லாபம் வேண்டும், பிறகு 6 கோடிக்கு இயந்திரம் வாங்க வங்கி நம்ப வேண்டும், கடைசியாக அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். பாளை மார்க்கெட்டில் பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்கு இந்த மூன்றில் ஒன்றும் சுலபத்தில் வாய்க்காது.

2019 செப்டம்பர் 20 அன்று நிர்மலா சீதாராமன் இந்த ஆட்டத்தின் விதியை மாற்றினார். சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிக்கு வரி 22 சதவீதம். சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.17. புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிக்கு 15; எல்லாம் சேர்த்து 17.16. இந்த வழிக்கு வந்தவர்களுக்கு மேட் கிடையாது. அரசுக்கு வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் குறையும் என்று அரசே சொன்னது. சலுகைக் காட்டை வெட்டி வழி நேராக்கியதை ஒரு தொழில்காரனாக நான் வரவேற்றேன். 80-ஐஏ-க்காக வருடக்கணக்கில் நடந்த வழக்குகளை நினைத்தால் அது நல்ல காரியம்தான்.

ஆனால் எனக்கு அடுத்த வருடம் வந்த கேள்விக்குச் சுலபமான பதில் இல்லை. கூட்டு நிறுவனமாக அரிசி ஆலை நடத்தும் ஒரு அண்ணாச்சி ரிட்டர்னில் கையெழுத்துப் போடும்போது கேட்டார்: "நான் நூத்துக்கு முப்பத்தொண்ணு கட்டுதேன். ஆயிரங்கோடி லாபம் பாக்குத கம்பெனி இருபத்தஞ்சு கட்டுதான். இது எந்த ஊரு நியாயம் சார்?"

அவர் சொன்ன எண் சரி. கூட்டு நிறுவனத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. வருமானம் ஒரு கோடியைத் தாண்டினால் சர்சார்ஜும் ஏறி 34.94. 2019-ல் இவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை.

அவரிடம் மறுபக்கத்தையும் சொன்னேன். "அண்ணாச்சி, நீங்க கட்டுன பிறகு உங்க பங்கை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு மறுபடி வரி கிடையாது. கம்பெனி முதலாளி டிவிடெண்ட் எடுத்தா அவர் கையில இன்னொரு தடவை வரி." பங்காளிகளின் சம்பளத்தை ஒரு வரம்புவரை லாபத்தில் கழிப்பதும் கூட்டு நிறுவனத்துக்கு உண்டு. அதைக் கணக்கில் சேர்த்தால் இடைவெளி கொஞ்சம் குறையும். அவர் விடவில்லை: "அவன் எடுத்தாத்தானே சார் வரி? எடுக்காம உள்ளயே வச்சு இன்னொரு ஆலை வாங்குனா?"

அங்கேதான் வாதம் அவர் பக்கம் சாய்கிறது. பெரிய கம்பெனி லாபத்தில் பெரும்பகுதியை உள்ளேயே வைத்து வளரும். அந்தப் பணத்துக்கு 25.17-ல் கணக்கு முடிகிறது. அண்ணாச்சி தன் லாபத்தை ஆலையிலேயே போட்டாலும் 31.2 கட்டிய பிறகு மிஞ்சியதைத்தான் போட முடியும். அவரும் கம்பெனியாக மாறலாமே என்றால், மாறலாம். அதற்கான பதிவுகள், வருடாந்திர தாக்கல்கள், குடும்பத்துக்குப் பணம் எடுப்பதில் வரும் சிக்கல்கள் எல்லாம் ஒரு ஆலைக்காரருக்குத் தனிச் செலவு.

நாட்டின் மொத்தக் கணக்கிலும் இந்தச் சாய்வு தெரிகிறது. 2018-19-ல் கம்பெனி வரி வசூல் சுமார் 6.64 லட்சம் கோடி. தனிநபர் வருமான வரியைவிட நன்றாக அதிகம். 2023-24-ல் கம்பெனி வரி 9.11 லட்சம் கோடி, தனிநபர் வரி 10.44 லட்சம் கோடி. தனிநபர் வரி கம்பெனி வரியை முந்திவிட்டது. ரிட்டர்ன் தாக்கல் கூடியது, பங்குச்சந்தை லாபம் கூடியது என்று இதற்கு வேறு காரணங்களும் உண்டு. விகிதக் குறைப்பு அவற்றில் ஒன்று என்பதை யாரும் மறுக்க முடியாது.

எல்லை தாண்டும் கம்பெனிகளின் கணக்கு இன்னும் சிக்கல். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2013 ஜனவரியில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று 2,000 கோடிக்குமேல் கேட்டது. சொத்துகள் முடக்கப்பட்டதால் 2014-ல் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது அந்த ஆலை கைமாறவில்லை. அதே வருடம் நவம்பர் 1-ல் மூடப்பட்டது. 2018-ல் இரு நாட்டு அரசுகளும் பேசி முடித்து, நோக்கியா 20.2 கோடி யூரோ கட்டியது. லாபம் எந்த நாட்டில் உண்டாகிறது என்ற ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க ஐந்து வருடமானது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். அயர்லாந்தில் ஆப்பிள் கம்பெனி விஷயமும் இதே கேள்விதான். 2014-ல் அதன் ஐரோப்பிய லாபத்துக்கு வரி 0.005 சதவீதமாக இருந்தது என்று ஐரோப்பிய ஆணையம் கண்டது. 1,300 கோடி யூரோ கட்டத்தான் வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் இறுதியாகச் சொன்னது 2024 செப்டம்பரில்.

இனி என் முடிவுக்கு வருகிறேன். கம்பெனிகள் சட்டம் கேட்டதைப் பெரும்பாலும் கட்டுகின்றன. சட்டம் கேட்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதனால் "நியாயமான பங்கு" என்பதைக் கம்பெனியின் மனசாட்சியிடம் தேடுவதில் பயனில்லை. சலுகைக்கு ஈடாக நாட்டுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதே சரியான அளவுகோல்.

அந்த அளவுகோலில் எங்கள் காற்றாடிகள் பாஸ் ஆகிவிடும். விட்டுக்கொடுத்த வரி மின்சாரமாக நிற்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம். ஆனாலும் அதைவிட நல்ல வழி ஒன்று இருந்தது. 2009 டிசம்பரில் மத்திய அரசு, துரிதத் தேய்மானம் வேண்டாம் என்பவருக்கு, மின்கட்டமைப்புக்கு அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா கொடுத்தது. தேய்மானம் இயந்திரத்தை நட்டு நிறுத்தியதற்குக் கூலி. 50 பைசா அது ஓடியதற்குக் கூலி. 2012-ல் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றபோது, முந்தைய வருடம் நாடு முழுவதும் 3,200 மெகாவாட் அளவுக்குப் புதிதாக ஏறிய காற்றாலைகள் அடுத்த வருடம் சுமார் 1,700-க்கு இறங்கின. சலுகைக்கு எவ்வளவு பலம் என்பதற்கு அதுவே சாட்சி. 2019-ல் பழைய கம்பெனிகளுக்குக் கொடுத்த 22 சதவீதத்துக்கு மட்டும் அப்படி ஒரு நிபந்தனையும் இல்லை. புதிதாக ஆலை கட்டு, ஆள் எடு என்று எதையும் கேட்காமல் கொடுத்த சலுகை அது.

வாசகர்களுக்கு ஒரு தொழில் யோசனை. நீங்கள் பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் ஆண்டறிக்கை வந்தால் முதல் பக்கத்துத் தலைவர் படத்தைத் தாண்டிப் பின்னால் போங்கள். வரி பற்றிய குறிப்பில் "நடப்பு வரி", "ஒத்திவைத்த வரி" என்று இரண்டு எண்கள் இருக்கும். பணவரவு அறிக்கையில் "செலுத்திய வருமான வரி" என்று மூன்றாவது இருக்கும். அந்த மூன்றாவதை வரிக்கு முந்தைய லாபத்தால் வகுத்து, ஒரு வருடத்துக்கு மட்டுமல்லாமல் ஐந்து வருடங்களுக்குப் பாருங்கள். 25-க்கு அருகில் நின்றால் சரி. வெகு கீழே நின்றால், அதற்கு ஈடாக நாடு பெற்றது என்ன என்று ஆண்டுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். சம்பாதித்ததைத் தொழிலிலேயே போடும் கூட்டு நிறுவனத்துக்கும் கம்பெனிக்குக் கொடுத்த அதே 22 சதவீதத்தைக் கொடுங்கள். பெரியவர்களுக்கு நிபந்தனை இல்லாமல் கொடுக்க முடிந்ததை, பாளையங்கோட்டை அரிசி ஆலைக்கு நிபந்தனையோடாவது கொடுக்க முடியும்.