தீக்குக் காத்திருக்கும் விதை

கலிஃபோர்னியாவில் விசேலியா நகரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆரஞ்சுத் தோப்புகள் முடிந்து சியரா நெவாடா மலை தொடங்கிவிடுகிறது. அடிவாரத்தில் ஓக் மரங்களும் காய்ந்த புல்லும்தான். வளைந்து வளைந்து ஏறும் சாலையில் வெயிலின் சூடு குறைந்து, பைன் வாசனை காருக்குள் வரத் தொடங்கியது. ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில், ஒரு திருப்பத்தில், செம்பழுப்பு நிற அடிமரம் ஒன்று ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் சண்டை போட்டுக்கொண்டிருந்த தம்பி பிள்ளைகள் இருவரும் சட்டென்று அடங்கிப்போனார்கள்.

கலிஃபோர்னியாவின் செக்கோயா தேசியப் பூங்கா 1890-ல் உருவானது. ராட்சத செக்கோயா மரங்கள் இயற்கையாக வளர்வது உலகிலேயே இந்த மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மட்டும்தான். அவற்றில் ஜெனரல் ஷெர்மன் என்று பெயரிடப்பட்ட மரத்தைப் பார்க்கத்தான் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் ஓடுகிறார்கள். பிள்ளைகளும் அங்கேதான் போக வேண்டும் என்றார்கள். நான் விடவில்லை. பெரிய மரத்தை முதலில் காட்டினால் குழந்தை வாயைப் பிளந்து நிற்கும். ஒரு படம் எடுத்ததும் பசிக்கிறது என்று சொல்லும். அதிசயத்துக்குள் நுழைய ஒரு சின்ன வாசல் வேண்டும். அந்த வாசல் தரையில் கிடந்தது.

கோழிமுட்டை அளவில் ஒரு பச்சைக் கூம்பு. "இத்தனை பெரிய மரத்துக்கு இவ்வளவுதானா காய்?" என்று மூத்தவளுக்கு ஏமாற்றம். விதையைப் பார்த்தபோது அதிசயித்தாள். இருபுறமும் மெல்லிய இறக்கை வைத்த துணுக்கு அது. ஒரு கிராம் சேர ஏறக்குறைய 200 விதைகள் வேண்டும். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப்போகக் கூடாது என்பதால், பார்த்த பிறகு இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொன்னேன்.

சின்னவன்தான் நல்ல கேள்வியைக் கேட்டான். "அத்தை, பழுக்காம பச்சையாவே ஏன் விழுந்துச்சு?"

பதில் சொல்லாமல் கூம்பின் செதில்களைப் பார்க்கச் சொன்னேன். பல் கடித்த தடம் இருந்தது. டக்ளஸ் அணில் கிளையில் உட்கார்ந்து கூம்பைக் கத்தரித்துப் போடும். அதற்கு வேண்டியது செதிலின் சதை. விதை மிகச் சிறியது என்பதால் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. தின்னும்போது விதைகள் சிதறுகின்றன. நீள்கொம்பு வண்டு ஒன்றின் புழுவும் கூம்பைக் குடைந்து நீரோட்டத்தை அறுத்துவிடுகிறது. கூம்பு காய்ந்து திறந்துகொள்கிறது. யாரும் தொடாத கூம்பு பச்சையாகவே, மூடியபடியே, 20 ஆண்டுகள் வரைகூட மரத்தில் இருக்கும். மேலே தொங்கும் சில கூம்புகளுக்குத் தன்னைவிட வயது அதிகம் என்று தெரிந்ததும் மூத்தவள் நிமிர்ந்து பார்த்த பார்வையே வேறு.

பிறகு பட்டையைத் தொட்டார்கள். அது நாராக, அழுத்தினால் லேசாக உள்வாங்குவதாக இருந்தது. முதிர்ந்த மரத்தில் பட்டை 60 சென்டிமீட்டர் தடிமன்வரை வளரும். பக்கத்திலிருந்த பைன் மரத்தைத் தொட்டால் விரலில் பிசின் ஒட்டியது. செக்கோயாவின் பட்டையில் ஒட்டவில்லை. எரியும் பிசின் குறைவு. பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கும் டானின் அதிகம். இந்த மரம் எப்படி 2,000 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது என்பதற்கான பாதி விடை அவர்கள் விரல் நுனிக்கே கிடைத்துவிட்டது.

அதன் பிறகே ஜெனரல் ஷெர்மனிடம் போனோம். உயரம் 83.8 மீட்டர். அடிச் சுற்றளவு 31 மீட்டருக்கும் மேல். அடிமரத்தின் கன அளவு ஏறக்குறைய 1,487 கன மீட்டர். தனித்தண்டு மரங்களில் உலகிலேயே பெரியது இதுதான். ‘கோஸ்ட் ரெட்வுட்’ எனப்படும் கடற்கரைச் செம்மரங்கள் இதைவிட உயரமானவை. ஷெர்மனின் உச்சி பட்டுப்போய்விட்டது. ஆனாலும் அடிமரம் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே இருக்கிறது. "இப்பவும் வளருதா?" என்று சின்னவன் இரண்டு முறை கேட்டான். நானும் இரண்டு முறை ஆமாம் என்றேன்.

அடிமரங்களில் கரிந்த தழும்புகள் இருப்பதை அவர்களே கவனித்தார்கள். சொல்ல வேண்டிய முக்கியமான கதை அதுதான். பல பத்தாண்டுகளாக இந்தக் காட்டில் தீ பிடித்தவுடன் அணைத்தார்கள். மரத்தின் மேல் உள்ள அன்பால்தான் அணைத்தார்கள். ஆனால் புதிய செக்கோயாக்கள் முளைப்பது ஏறக்குறைய நின்றேபோனது. ரிச்சர்ட் ஹார்ட்டெஸ்வெல்ட் என்ற ஆய்வாளர் 1960-களில் இந்த மலைத்தொடரின் செக்கோயாக் காட்டைச் சிறு அளவில் எரித்துப் பார்த்தார். தரைத்தீயின் வெப்பம் மேலே ஏறிக் கூம்புகளை உலர்த்தியது. விதைகள் மழையாகக் கொட்டின. சருகு எரிந்து வெறும் மண் தெரிந்த இடத்தில் வேர் பிடித்தது. மேலே திறந்த இடைவெளியில் வெயில் இறங்கியது. 1968 முதல் பூங்கா நிர்வாகமே திட்டமிட்டுத் தீ மூட்டுகிறது. பெரியவர்கள், படித்தவர்கள், நல்லெண்ணம் கொண்டவர்கள் தவறாக நினைத்திருந்தார்கள், பிறகு சோதித்துப் பார்த்து மாற்றிக்கொண்டார்கள் என்பதைக் குழந்தைகளிடம் மறைக்கவே கூடாது என்று நினைக்கிறேன். மரத்தின் உறுப்புகளைப் படம் வரைந்து பெயர் எழுத வைப்பதைவிட இது அவர்களை அறிவியலுக்கு நெருக்கமாகக் கொண்டுபோகிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2020, 2021-ஆம் ஆண்டுகளின் காட்டுத்தீ, பெரிய செக்கோயாக்களில் 13 முதல் 19 விழுக்காட்டைக் கொன்றிருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2021-ல் ஷெர்மனின் அடியைத் தீத்தடுப்புத் தகட்டால் சுற்றிக் காத்தார்கள். பல ஆண்டுகளாகச் சேர்ந்த விறகு, வறட்சி, கூடும் வெப்பம் எல்லாம் சேர்ந்து தீயை உச்சிவரை ஏற்றிவிட்டன. இலை முழுதும் கருகினால் இந்த மரத்தாலும் மீள முடிவதில்லை.

"அப்போ தீ நல்லதா, கெட்டதா?" என்றாள் மூத்தவள்.

கருகல் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, உச்சியில் பச்சை மிச்சமிருக்கிறதா, அடியில் நாற்று முளைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு மரமாகப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். ஜூனியர் ரேஞ்சர் பயிற்சிக்காகப் பூங்காவில் கொடுத்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவள் மூன்று கோடு போட்டாள். சின்னவன் ஓடி ஓடிப் பார்த்துச் சொல்ல, அவள் எழுதிக்கொண்டே வந்தாள்.